பெரியப்பாவுக்கு கல்லீரல் புற்றுநோய். "நானோ மஞ்சள்" சொட்டு மருந்து வாங்கி வந்திருக்காங்க, கொடுக்கலாமா?

#1 பர்கூர்க்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

பெரியப்பாவுக்கு 61 வயசு. பர்கூர் பக்கம் மாந்தோப்பு. ரெண்டு மாசமா பசி இல்ல, வலது விலாவுக்குக் கீழ பாரமா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தார். காய் இறங்கி முடியட்டும்னு தள்ளிப் போட்டுட்டார். பெங்களூர்ல ஸ்கேன் எடுத்தப்போ கல்லீரல்ல 6 செ.மீ. கட்டி, கூடவே சிர்ரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பு விழுந்து சுருங்கிப் போயிருக்கு. ரத்தத்துல ஹெபடைடிஸ் பி-ன்னு கல்லீரலைத் தாக்கற கிருமி இருந்திருக்கு, இத்தனை வருஷமா யாருக்கும் தெரியாது. மனுஷன் வாழ்க்கையில ஒரு சொட்டு குடிச்சதில்ல. ஊர்ல சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க, பெரியம்மாவுக்கு அதுவே பெரிய வேதனை. இப்போ புற்றுக்கு சோராஃபெனிப்னு ஒரு மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரம் ஆகுது.

போன வாரம் என் சின்ன மாமா ஓசூர்ல ஏதோ கூட்டத்துக்குப் போனவர் ஒரு பாட்டிலோட வந்தார். 30 மி.லி., 2,400 ரூபாய். "நானோ குர்குமின்". மஞ்சள்ல இருக்கிற சத்தை அணு அளவுக்கு உடைச்சிருக்காங்களாம், நேரா கல்லீரலுக்குப் போய் புற்றுச் செல்லை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொல்லுமாம். தினமும் 10 சொட்டு. பெரியப்பாவும் "மஞ்சள்தானே, என்ன கெட்டுடப் போகுது"ன்னு தயாரா இருக்கார்.

நான் படிச்சது பி.காம். நெட்ல தேடினா நானோ, குர்குமின், கல்லீரல் புற்றுநோய்னு ஆராய்ச்சிக் கட்டுரையா கொட்டுது. அப்போ மாமா சொல்றது முழுப் பொய்யும் இல்லபோல. எது உண்மை, எது வியாபாரம்னு யாராவது பிரிச்சுச் சொல்லுங்க.

#2 மருந்துக்கடை (காவேரிப்பட்டணம்)

முதல்ல பாட்டிலைத் திருப்பிப் பாருங்க தம்பி. 14 இலக்க எண் போட்டு உணவுப் பாதுகாப்பு முத்திரை இருக்கா, இல்ல மருந்து உரிம எண் இருக்கா? உள்ள என்னென்ன சேர்த்திருக்காங்கன்னு அப்படியே எழுதுங்க. குறிப்பா மிளகுச் சத்து, அதாவது பைப்பரின், இருக்கான்னு பாருங்க. பார்த்துச் சொல்ற வரைக்கும் கொடுக்காதீங்க.

#3 பர்கூர்க்காரன்

14 இலக்க எண்தான் அண்ணா. "நானோ குர்குமின், பைப்பரின், பாலிசார்பேட் 80, தண்ணீர்". எத்தனை மில்லிகிராம்னு போடல. துகள் என்ன அளவுன்னும் போடல. புற்றுநோய்ங்கற வார்த்தையே பாட்டில்ல இல்ல, அதெல்லாம் மாமா கொண்டுவந்த நோட்டீஸ்லதான் இருக்கு.

#4 மருந்துக்கடை (காவேரிப்பட்டணம்)

இருக்காது. உணவு உரிமத்துல விக்கிற பொருள் அது. புற்றுநோயைக் குணமாக்கும்னு விளம்பரம் பண்றதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அதனால பாட்டில் மேல கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க, கூட்டத்துல மைக்கைப் பிடிச்சுப் பேசுவாங்க.

எனக்குக் கவலை மிளகு மேலதான். வெறும் குர்குமினைச் சாப்பிட்டா ரத்தத்துல அளக்கிற அளவுக்குக்கூடச் சேராது. குடலும் கல்லீரலும் உடனே அதுல ஒரு சர்க்கரை அமிலத்தை ஒட்டி வெளிய தள்ளிடும். 1998-ல பெங்களூர்ல ஒரு மருத்துவக் கல்லூரிக்காரங்க, 2 கிராம் குர்குமினோட 20 மி.கி. பைப்பரின் சேர்த்துக் கொடுத்தா ரத்தத்துல சேர்றது 2000 சதவீதம் கூடுதுன்னு காட்டினாங்க. எல்லாக் கம்பெனியும் இன்னிக்கு வரைக்கும் அந்த 2000-ஐ வச்சுத்தான் பிழைக்குது. கிட்டத்தட்ட பூஜ்யமா இருந்ததை இருபதால பெருக்கினா எவ்வளவு வரும்னு யாரும் கேக்கறதில்ல.

பைப்பரின் அதை எப்படிச் செய்யுது? கல்லீரல் மருந்துகளை உடைச்சு வெளியேத்துற நொதிகளைக் கட்டிப்போடுது. உங்க பெரியப்பா சாப்பிடற சோராஃபெனிப்பை உடைக்கிறதும் அதே கூட்டம்தான். சிஒய்பி3ஏ4-னு ஒண்ணு, சர்க்கரை அமிலம் ஒட்டுற நொதி இன்னொண்ணு. அதைக் கட்டிப்போட்டா மாத்திரை ரத்தத்துல எவ்வளவு ஏறும்னு டாக்டராலயே கணிக்க முடியாது. கை கால் தோல் உரியறது, வயித்துப்போக்கு, பிபி ஏறறது எல்லாம் சாதாரண டோஸ்லயே வர்ற தொந்தரவு. ரசத்துல போடற மிளகுக்கு இந்தப் பயம் வேண்டாம். பிரிச்செடுத்த சத்து வேற கணக்கு.

#5 அரூர் மஞ்சள்

நான் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் மூணு ஏக்கர் மஞ்சள் போடறவன். எங்க கிட்டயும் ஒருத்தர் வந்தார். "குர்குமின் சதவீதம் அதிகமா இருந்தா நானோ கம்பெனிக்கு எடுத்துக்கறோம், குவிண்டாலுக்குக் கூட்டித் தர்றோம்"னார். சாம்பிள் விரலி வாங்கிட்டுப் போனவர் போன் எடுக்கறதில்ல. அது கிடக்கட்டும்.

நம்ம மஞ்சள்ல குர்குமின் நூத்துக்கு மூணு பங்கு இருந்தாலே நல்ல சரக்கு. புற்றுநோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்ததா எங்க ஊர் வேளாண் அலுவலர் ஒருமுறை சொன்னார். கணக்குப் போட்டுப் பாருங்க, தினம் கால் கிலோவுக்கு மேல மஞ்சள்தூள்! மாடு கூட திங்காது. அதனாலதான் நானோங்கறாங்களோ?

இன்னொண்ணு. கடைத்தூள்ல பளீர்னு நிறம் வர்றதுக்கு ஈயக் குரோமேட் கலக்கிற அயோக்கியங்களும் உண்டு. எதுவா இருந்தாலும் கிழங்கா வாங்கி அரைச்சுக்கோங்க.

#6 ஆய்வக எலி

வணக்கம். நான் தருமபுரியில ஆராய்ச்சி மாணவி, மூணாவது வருஷம். தாவரச் சத்தை நானோ துகள்ல அடைச்சு கல்லீரல் புற்றுச் செல்கள்ல போட்டுப் பார்க்கறதுதான் என் வேலை. அதனால இந்த இழையைப் பார்த்ததும் கை பரபரத்துச்சு. நீளும், சொல்லிட்டேன்.

மஞ்சள் அண்ணன் கேட்டதுல இருந்து ஆரம்பிக்கறேன். ஆமா, அதனாலதான் நானோ. குர்குமின் தண்ணியில கரையாது. மஞ்சள்தூளைத் தண்ணியில போட்டா அடியில தங்கும், எண்ணெய்ல தாளிச்சா இறங்கும், அம்மாக்களுக்குத் தெரிஞ்ச விஷயம். நம்ம ரத்தம் கிட்டத்தட்ட தண்ணி. அது போதாதுன்னு, ரத்தத்தோட காரத்தன்மை உள்ள வெறும் உப்புக் கரைசல்ல 37 டிகிரியில வச்சா அரை மணி நேரத்துல பத்துல ஒன்பது பங்கு குர்குமின் சிதைஞ்சுடும். ஆக மூணு தடை: கரையாது, நிக்காது, கல்லீரல் விடாது.

நானோ துகள்ங்கறது இந்தச் சத்துக்கு ஒரு வண்டி. ஒரு தலைமுடியோட கனம் சுமார் 80,000 நானோமீட்டர். நாங்க செய்யற துகள் 100-ல இருந்து 200. கொழுப்புல செஞ்ச குமிழா இருக்கலாம், உடம்புல தானா கரையற பிளாஸ்டிக்கா இருக்கலாம், இறால் ஓட்டுல இருந்து எடுக்கிற கைட்டோசானா இருக்கலாம். உள்ள எண்ணெய்ப் பசை, வெளிய தண்ணிக்கு ஒத்துப்போற தோல். சத்து உள்ள பத்திரமா உக்காந்து போகும், மெதுவா இறங்கும். மாமா சொன்ன "அணு அளவுக்கு உடைச்சது" தப்பு. குர்குமின் மூலக்கூறே ஒண்ணு ரெண்டு நானோமீட்டர்தான். அதை யாரும் உடைக்கல, பொட்டலம் கட்டறாங்க.

இந்த யோசனை வெறும் ஏட்டுச் சுரைக்காயும் இல்ல. பசிபிக் யூ மரப்பட்டையில இருந்து வந்த பாக்ளிடாக்சல்னு ஒரு புற்று மருந்து. அதுவும் தண்ணியில கரையாது. கரைக்கறதுக்குச் சேர்த்த எண்ணெய்க் கலவையே நோயாளிகளுக்கு ஒவ்வாமை கொண்டுவந்துச்சு. பிறகு ரத்தத்துல இருக்கிற அல்புமின் புரதத்துல 130 நானோமீட்டர் துகளா கட்டினாங்க, 2005-ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. இன்னிக்கு மார்பகப் புற்றுக்கும் கணையப் புற்றுக்கும் ஊசியா போடறாங்க. தாவரச் சத்து, நானோ, நிஜ மருந்து, மூணும் ஒண்ணா சேர்ந்த உதாரணம். ஆனா பாருங்க, அங்க உள்ள போன சரக்கு ஏற்கனவே நிரூபிச்ச மருந்து. வண்டி அப்புறம்தான் வந்துச்சு. குர்குமின் விஷயத்துல சரக்கே மனுஷங்ககிட்ட கல்லீரல் புற்றுக்கு இன்னும் பாஸ் ஆகல. நாம வண்டிக்கு பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்கோம்.

பர்கூர் அண்ணனோட பாட்டில்ல இருக்கிறது, எண்ணெய்ப் பசையைத் தண்ணியோட சேர்க்கற பாலிசார்பேட் 80-ல கலக்கின குர்குமின். வாய் வழியா போறப்போ அந்தத் துகள் குடல்லயே பிரிஞ்சு உள்ளிருக்கிற சத்து கொஞ்சம் கூடுதலா உறிஞ்சப்படும், அவ்வளவுதான். துகள் முழுசா நடந்து போய் கல்லீரல் கதவைத் தட்டாது. "ரத்தத்துல இத்தனை மடங்கு"ன்னு நோட்டீஸ்ல இருந்தா, அதுல பெரும்பங்கு கல்லீரல் ஏற்கனவே சர்க்கரை அமிலம் ஒட்டி ஓய்வு கொடுத்த குர்குமினையும் சேர்த்து எண்ணினதா இருக்கும்.

#7 தொப்பூர் கணவாய்

தங்கச்சி நல்லா எழுதறீங்க. ஆனா உங்க துறை மேலயே ஒரு கேள்வி. நம்ம பக்கத்துக் கல்லூரிகள்ல எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்னு போனா எல்லாம் ஒரே சமையல்தான். ஏதோ ஒரு இலைச்சாறு, அதுல வெள்ளி நைட்ரேட், நிறம் பழுப்பா மாறினதும் "பசுமை முறை நானோ"ன்னு பேரு, படம் எடுத்து, ஹெப்-ஜி2ங்கற கல்லீரல் புற்றுச் செல்லுல ஊத்தி, செத்துச்சுன்னு முடிவுரை. துளசி முடிஞ்சா தும்பை, தும்பை முடிஞ்சா குப்பைமேனி. நானும் அப்படி ஒண்ணு எழுதிப் பட்டம் வாங்கினவன்தான், அதனால சொல்ற உரிமை உண்டு. இப்போ இன்சூரன்ஸ் வேலை.

#8 ஆய்வக எலி

கணவாய் அண்ணா, குத்தினாலும் நேர்மையா குத்தறீங்க.

முதல்ல அந்த வெள்ளி சமாச்சாரம் வேற, நான் மேல சொன்னது வேற. அதுல இலைச்சாறு வெள்ளி அயனியை வெள்ளி உலோகமா மாத்தறதுக்கு உதவற கையாள். 420 நானோமீட்டர் பக்கம் ஒளி உறிஞ்சற உச்சி வந்தா வெள்ளித் துகள் உருவாயிடுச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். செல்லைக் கொல்றது பெரும்பாலும் வெள்ளி. பேரு மட்டும் துளசிக்கு. வெள்ளி நல்ல செல்லையும் கொல்லும், அதைக் காட்டற கட்டம் பல கட்டுரையில இருக்கவே இருக்காது.

ஹெப்-ஜி2 பத்தி ஒரு ரகசியம். உலகம் முழுக்க "கல்லீரல் புற்றுச் செல்"னு இதைத்தான் வளர்க்கறாங்க. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயசுப் பையனோட கட்டியில இருந்து எடுத்தது. 2009-ல பழைய திசுவைத் திரும்பப் பார்த்தப்போ, அது பெரியவங்களுக்கு சிர்ரோசிஸ்ல வர்ற வகையே இல்ல, குழந்தைகளுக்கு வர்ற ஹெபடோபிளாஸ்டோமான்னு சொன்னாங்க. பர்கூர் பெரியப்பாவோட கல்லீரலுக்கும் என் தட்டுல இருக்கிற செல்லுக்கும் அவ்வளவு தூரம்.

இப்போ என் சொந்தக் கதை. முதல் வருஷம், மாவிலையில இருந்து எடுத்த மாஞ்சிஃபெரினை (ஆமா, நம்ம கிருஷ்ணகிரி மாவிலைதான்) துகள்ல அடைச்சு செல்லுல போட்டேன். அபாரமான முடிவு. வெறும் மாஞ்சிஃபெரினை விட பல மடங்கு வேகம். கைடு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு அக்கா வந்து "காலித் துகளைப் போட்டுப் பார்த்தியா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. போட்டேன். உள்ள ஒண்ணுமே இல்லாத துகளும் ஏறக்குறைய அதே அளவு செல்லைக் கொன்னுச்சு! துகள் செய்யறப்போ சேர்த்த கரைப்பான் சரியா போகல. ஆறு மாசம் மறுபடி முதல்ல இருந்து. அந்த இனிப்பு இன்னும் தொண்டையில நிக்குது.

இன்னொரு பொறியும் சொல்லிடறேன், தம்பி தங்கச்சிகளுக்கு உதவும். செல் உயிரோட இருக்கான்னு பார்க்க எம்.டி.டி.-ன்னு ஒரு மஞ்சள் சாயம் போடுவோம். உயிருள்ள செல் அதை ஊதாவா மாத்தும். ஆனா பல தாவரச் சத்துக்கள் செல்லே இல்லாமலும் அதை ஊதாவாக்கிடும். அதனால செல் இல்லாத கிண்ணத்துலயும் சத்தைப் போட்டுப் பார்க்காம வர்ற எண்ணை நான் நம்பறதில்ல.

#9 சித்தேரி மூலிகை

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். பரம்பரையாக வைத்தியம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. நீங்கள் இன்று நானோ என்கிறீர்கள், எங்கள் முன்னோர் உலோகங்களையும் கனிமங்களையும் பற்பம், செந்தூரம் என்று புடம் போட்டு மாவாக்கினார்கள். அதையும் மின்நுண்ணோக்கியில் பார்த்தால் நானோ அளவுதான் என்று எழுதியிருக்கிறார்கள்.

கல்லீரலுக்குக் கீழாநெல்லியை விட ஒன்று உண்டா? 1988-ல் சென்னையில் பேராசிரியர் தியாகராஜன் குழுவே ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து, உலகப் புகழ் பெற்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளமே மறைந்தது. நம் கண் முன்னே இருப்பதை விட்டுவிட்டு எலிக்குப் பின்னால் ஓடுகிறோம்.

#10 ஆய்வக எலி

வைத்தியர் ஐயா, அந்த 1988 ஆய்வை நானும் மரியாதையா படிச்சிருக்கேன். ஒப்பிட்டுப் பார்க்க மருந்துச் சத்தே இல்லாத போலி மருந்து சாப்பிட்ட 23 பேர்ல ஒருத்தருக்குத்தான் மறைஞ்சது, அதனால அந்த வித்தியாசம் அப்போ உலகத்தையே திரும்பிப் பார்க்க வச்சுச்சு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடிச்சு நோபல் வாங்கின பிளம்பர்க்கும் அதுல கூட்டாளி. ஆனா பிறகு மத்தவங்க திரும்பச் செஞ்சப்போ அந்தப் பலன் வரல. மண்ணா, பருவமா, எந்தக் கீழாநெல்லி இனம்ங்கற குழப்பமான்னு விவாதம் நடந்துச்சு. அதனாலதான் ஒரு செடியைக் "கொடுத்தோம், குணமாச்சு"ன்னு விடாம, உள்ள எது, எவ்வளவுன்னு அளக்கணும்ங்கறேன். அந்த ஆய்வு கிருமிக்கு, கட்டிக்கு இல்லங்கறதையும் பர்கூர் அண்ணனுக்காகச் சொல்லி வைக்கறேன்.

பற்பத்துல நானோ அளவுத் துகள் இருக்கிறது உண்மைதான். ஆனா சின்னதா இருக்கிறதாலயே ஒரு பொருள் மருந்தாகிடாது. அடுப்புப் புகையிலயும் நானோ துகள்தான். பாதரசமும் ஈயமும் சேர்ந்த சரக்கை ஏற்கனவே சுருங்கிப்போன கல்லீரலுக்குக் கொடுக்கறதை மட்டும் தயவுசெஞ்சு யோசிங்க ஐயா.

#11 சித்தேரி மூலிகை

கனிமச் சரக்கைக் கல்லீரல் கெட்டவனுக்கு நானும் கொடுக்க மாட்டேன் அம்மா. எனக்கும் பேரன் பேத்தி இருக்கிறார்கள். கீழாநெல்லியை மோரில் கலந்து கொடுப்பதோடு சரி, அதுவும் டாக்டர் பார்த்த பிறகு.

#12 வெள்ளைக்கோட்டு இல்லாதவள்

தருமபுரியில 14 வருஷமா நர்ஸ். நானோவெல்லாம் எனக்குத் தெரியாது, வார்டுல பார்க்கறதைச் சொல்றேன்.

"மஞ்சள்தானே"ன்னு யாரும் அலட்சியமா இருக்காதீங்க. சமையல் மஞ்சள் வேற, நல்லா உறிஞ்சற மாதிரி செஞ்ச மஞ்சள் வேற. 2019-ல இத்தாலியில இந்த மாதிரி குர்குமின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு வரிசையா கல்லீரல் வீக்கம் வந்து அரசாங்கமே எச்சரிக்கை போடச் சொல்லுச்சு. அமெரிக்காவுல மருந்தால வர்ற கல்லீரல் பாதிப்பைப் பதிவு பண்ற குழு 10 கேஸ் எழுதியிருக்காங்க. அஞ்சு பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்து, ஒருத்தர் இறந்தே போனார். பத்துல ஏழு பேருக்கு ஒரே மரபணு வகை. எங்க டாக்டர் வகுப்பு எடுத்தப்போ சொன்னது, நோட்டுல எழுதி வச்சிருக்கேன். நல்ல கல்லீரலுக்கே இப்படின்னா சிர்ரோசிஸ் வந்த கல்லீரலுக்கு? கண் மஞ்சளாச்சுன்னா கட்டியாலயா, மாத்திரையாலயா, சொட்டாலயான்னு டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? உதவுற மாத்திரையையும் சேர்த்து நிறுத்த வேண்டி வரும்.

பர்கூர் தம்பி, நீங்க கேக்காத ஒண்ணைச் சொல்றேன். பெரியப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி-ன்னா அவரோட கூடப்பிறந்தவங்க, பெரியம்மா, பிள்ளைங்க எல்லாரும் ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. டெஸ்ட் எடுத்தீங்களா? பல வீட்டுல அம்மாகிட்ட இருந்து பிரசவத்துலயே எல்லாப் பிள்ளைக்கும் வந்திருக்கும். உங்க அப்பாவும் அதே வயித்துல பிறந்தவர்தானே? இல்லாதவங்க ஊசி போட்டுக்கலாம். நம்ம நாட்டுல குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்துல இது எல்லா மாநிலத்துக்கும் வந்தது 2011-லதான், அதுக்கு முன்ன பிறந்தவங்க பலர் போட்டிருக்க மாட்டாங்க. இருக்கிறவங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை ஸ்கேன். கட்டி 2 செ.மீ.-ல தெரிஞ்சா கதையே வேற.

#13 அரூர் மஞ்சள்

நர்ஸம்மா சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. பூஞ்சணம் பிடிச்ச கடலையும் கல்லீரலைக் கெடுக்கும்னு வேளாண் கூட்டத்துல சொன்னாங்க, நிஜமா? எங்க பக்கம் ஈரக் கடலையை மூட்டை கட்டி வச்சு, கெட்டதைப் பொறுக்கி எண்ணெய்க்குப் போட்டுடறாங்க.

#14 ஆய்வக எலி

நிஜம் அண்ணா. அதுல வளர்ற பூஞ்சை அஃப்லாடாக்சின்னு ஒரு விஷத்தை விடும். ஹெபடைடிஸ் பி-யோட அதுவும் சேர்ந்தா ஆபத்து கூட்டல் இல்ல, பெருக்கல். கடலை, மக்காச்சோளம் ரெண்டையும் நல்லா காயவச்சுக் கட்டணும். செக்குல ஆட்டினாலும் விஷத்துல ஒரு பங்கு எண்ணெய்ல வரும், மீதி புண்ணாக்குல மாட்டுக்குப் போகும்.

#15 பர்கூர்க்காரன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டெஸ்ட் யாரும் எடுக்கலீங்க அக்கா, எங்களுக்கு யாரும் சொல்லல. ஞாயித்துக்கிழமை எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்.

மாமாகிட்ட இதெல்லாம் சொன்னேன். அவர் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியல. "ஊசியா போட்டா நானோ துகள் எல்லாம் கல்லீரலுக்குத்தான் போய்ச் சேருதுன்னு அவங்களே எழுதியிருக்காங்க. வேற உறுப்புன்னா கஷ்டம், கல்லீரல் புற்றுக்கு அது வசதிதானே?" எலி தங்கச்சி, இதுக்கு என்ன சொல்றீங்க?

#16 ஆய்வக எலி

உங்க மாமாவை எங்க லேபுக்கு அனுப்புங்க அண்ணா! இந்தத் துறையோட ஆணிவேர்க் கேள்வியே அதுதான்.

சென்னையில இருந்து பெங்களூர் போற லாரியும், சேலத்துல இருந்து பெங்களூர் போற லாரியும், பெரும்பாலும் கிருஷ்ணகிரியைத் தொட்டுத்தான் போகும். டோல்கேட்ல நிக்காம போக முடியுமா? நானோ துகளுக்கு கல்லீரல் அப்படி ஒரு கிருஷ்ணகிரி. ரத்தத்துல வர்ற அந்நியத் துகளைப் பிடிச்சு விழுங்கறதுக்குன்னே அங்க குப்ஃபர் செல்னு காவலாளிங்க இருக்காங்க. "கல்லீரலுக்குப் போய்ச் சேருது"ன்னா பெரும்பகுதி இந்தக் காவலாளி வயித்துக்குள்ள போகுதுன்னு அர்த்தம். டோல்கேட்ல லாரி நிக்குது, சரக்கு ஓசூர்ல இறங்கல. 2016-ல கனடாக்காரங்க பத்து வருஷ ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தாங்க. ஊசியா போட்ட துகள்ல கட்டிக்குள்ள போனது நடுத்தரமா 0.7 சதவீதம். அதுவும் பெரும்பாலும் எலிகள்ல. எலிக்கு வச்ச கட்டி ரெண்டு மூணு வாரத்துல வளர்றது, ரத்தக்குழாய் ஓட்டை ஓட்டையா இருக்கும், துகள் கசிஞ்சு உள்ள போகும். மனுஷனுக்கு வருஷக்கணக்குல வளர்ற கட்டி அவ்வளவு இடம் கொடுக்காது.

சிர்ரோசிஸ் இன்னொரு வில்லன். நல்ல கல்லீரலோட ரத்தக்குழாய்ச் சுவர்ல 100, 150 நானோமீட்டர் அளவுல இயற்கையாவே சல்லடைக் கண் இருக்கும். தழும்பு விழுந்த கல்லீரல்ல அந்தக் கண் அடைஞ்சு போயிடும். நாங்க ஆரோக்கியமான எலியில போட்டுப் பார்த்துக் கைதட்டறோம், நோயாளிக்கு இருக்கிறது அடைஞ்ச சல்லடை.

வழி இல்லாம இல்ல. கல்லீரல் செல் மேல ஒருவகைச் சர்க்கரையைப் பிடிக்கிற பூட்டு இருக்கு. துகள் மேல காலக்டோஸ் சாவியைத் தொங்கவிட்டா அது இழுத்துக்கும். அதிமதுரத்துல இருந்து எடுக்கிற கிளைசிரெட்டினிக் அமிலத்தையும் இப்படிச் சாவியா ஒட்டறாங்க. நம்ம நாட்டு மருந்துக்கடை அதிமதுரம்தான்! அந்தச் சர்க்கரைச் சாவி நிஜமாவே வேலை செய்யும்ங்கறதுக்குச் சாட்சியும் உண்டு. கொலஸ்ட்ராலுக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை போடற இன்க்ளிசிரான் ஊசி அதே பூட்டைத் திறந்துதான் கல்லீரலுக்குள்ள போகுது. ஆனா அங்க இலக்கு நல்ல செல். புற்றுச் செல் முத்த முத்த அந்தப் பூட்டையே கழட்டி எறிஞ்சுடும். நாம சாவியோட நிக்கறப்போ கதவே இருக்காது, பக்கத்து நல்ல செல் மருந்தை வாங்கிக்கும்.

மனுஷங்ககிட்ட பெரிய அளவுல போய்த் தோத்த கதையும் சொல்லணும். டாக்சோரூபிசின் செடியில வந்தது இல்ல, மண் நுண்ணுயிரியில வந்தது. ஆனா நிரூபிச்ச புற்று மருந்து. அதைச் சூடு பட்டா திறக்கிற கொழுப்புக் குமிழ்ல அடைச்சு 701 கல்லீரல் புற்று நோயாளிகள்ல பார்த்தாங்க, 2013-ல தோல்வின்னு அறிவிச்சாங்க. அதே மருந்தை வேற நானோ துகள்ல அடைச்சு 397 பேர்ல பார்த்தது 2017-ல தோத்துச்சு. நல்ல சரக்கு, நல்ல வண்டி, அப்படியும் ஊர் போய்ச் சேரல. மாமாகிட்ட இதைச் சொல்லுங்க. பெரியப்பா சாப்பிடற சோராஃபெனிப்கூட பெரிய அதிசயம் இல்ல, அதோட முக்கியமான சோதனையில பாதிப் பேர் உயிரோட இருந்த காலம் 7.9 மாசத்துல இருந்து 10.7 மாசம் ஆச்சு. ஆனா அந்த மூணு மாசத்தை அறுநூறு பேர்ல, போலி மாத்திரையோட ஒப்பிட்டு, எண்ணிக் காட்டினாங்க. பாட்டில்காரங்க எத்தனை பேரை எண்ணினாங்க?

எழுதி முடிச்சதும்தான் தோணுது, மாச எண்ணிக்கையை இங்க எழுதினது தப்போ? அது பழைய சோதனையோட எண். பெரியப்பாவுக்குன்னு டாக்டர் சொல்றதுதான் கணக்கு. மன்னிச்சுக்கோங்க அண்ணா.

#17 பர்கூர்க்காரன்

மன்னிப்பெல்லாம் வேண்டாம்மா. டாக்டர் ஏற்கனவே சொல்லிட்டார், பெரியம்மாவுக்குத்தான் தெரியாது.

#18 தொப்பூர் கணவாய்

எலி தங்கச்சி, அப்புறம் ஏன் இதே வேலையில இருக்கீங்க? நக்கலா கேக்கல, நிஜமா.

#19 ஆய்வக எலி

நானும் ராத்திரி பஸ்ல கேட்டுக்கற கேள்விதான். காலித் துகள்ல ஏமாந்த பிறகு என் தலைப்பையே மாத்திக்கிட்டேன். இப்போ "எவ்வளவு செல் செத்துச்சு"ன்னு பார்க்கறதில்ல. குப்ஃபர் செல்லையும் புற்றுச் செல்லையும் ஒரே கிண்ணத்துல வச்சு, துகளை யார் வாங்கிக்கறாங்கன்னு எண்ணறேன். மேல்தோலை மாத்தினா காவலாளி கொஞ்சம் அசந்து போறானான்னு பார்க்கறேன். இதுவரைக்கும் அவன்தான் ஜெயிக்கறான். நோட்டீஸ் அடிக்கிற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஆனா எண் பொய் சொல்றதில்ல.

#20 பர்கூர்க்காரன் (பன்னிரண்டு நாள் கழிச்சு)

என்ன ஆச்சுன்னு சொல்லிடறேன். பாட்டிலை எடுத்துட்டுப் போய் டாக்டர் மேசையில வச்சேன். அவர் பைப்பரின்னு படிச்சதும் வேண்டாம்னுட்டார், திட்டல. "இப்படி எடுத்துட்டு வந்து காட்டறவங்க பத்துல ஒருத்தர்"னார். கண்ணை மஞ்சளாக்கற பிலிருபின் போன தடவை அளவுலயே நிக்குது. உள்ளங்கை மட்டும் எரியுதுன்னு க்ரீம் கொடுத்திருக்கார்.

வீட்டுல 11 பேர் டெஸ்ட் எடுத்தோம். எங்க அப்பாவுக்கும் கடைசி அத்தைக்கும் பாசிட்டிவ். ரெண்டு பேருக்கும் ஸ்கேன்ல கட்டி எதுவும் இல்ல. அப்பாவுக்கு மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அத்தைக்கு இன்னொரு டெஸ்ட் பார்த்துட்டு. எனக்கு நெகட்டிவ், முதல் ஊசி போட்டாச்சு. நர்ஸ் அக்காவுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

மாமா 2,400 ரூபாயைத் திருப்பிக் கேட்கப் போனார், கூட்டம் நடந்த மண்டபத்துல இப்போ வேற ஏதோ கூட்டமாம்.

எலி தங்கச்சி, பெரியப்பா ஒண்ணு கேக்கச் சொன்னார். மாவிலை எவ்வளவு வேணும்? பெங்களூரா, செந்தூரா ரெண்டும் நம்ம தோப்புல இருக்கு.

#21 ஆய்வக எலி

அண்ணா, கேட்டதே போதும், கண்ணு நிறைஞ்சுடுச்சு. ரெண்டு கிலோ போதும், பெங்களூரா. தளிரும் முத்தினதும் தனித்தனியா கட்டிக் கொடுங்க. பூவுக்கு மருந்தடிச்ச வரிசை வேண்டாம், காய்ப்பைத் தூண்ட வேர்ல கல்டார் மருந்து ஊத்தின மரமும் வேண்டாம். எந்த மரம், என்னிக்குப் பறிச்சதுன்னு ஒரு சீட்டுல எழுதி வைங்க.

#22 பர்கூர்க்காரன்

கிணத்தோரம் ஏழு மரம் மருந்தே பார்க்காதது, வீட்டுக்குன்னு விட்டது. சீட்டு பெரியப்பாவே எழுதறேன்னுட்டார். புதன்கிழமை தருமபுரி பஸ்ல போட்டு விடறேன், கண்டக்டர் நம்பரை மெசேஜ்ல அனுப்பறேன்.